அண்டை வீட்டு வாசலும் தீபாவளிப் பிள்ளைகளும்

2024ஆம் ஆண்டின் தீபாவளி அக்டோபர் 31ஆம் நாள் வியாழக்கிழமையன்று வந்தது. அதே நாளில்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் அயர்லாந்திலும் ஹாலோவீன் என்னும் விழாவும் கொண்டாடப்பட்டது. பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு என்று பலவகை வேடங்களைப் புனைந்துகொண்ட பிள்ளைகள், பொழுது சாயும் வேளையில் தம் தெருவின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று கதவைத் தட்டி இனிப்பு கேட்டு வாங்குவது அவ்விழாவின் முதன்மையான வழக்கமாகும். புதுக்கோட்டை மாவட்டத்தின் இலுப்பூரில் இத்தகைய வழக்கம் இல்லை. ஆயினும், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறங்குவதும், இருட்டில் நெருப்போடு புழங்குவதும், பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு அண்டை வீடுகளின் படியேறுவதும் அங்கே ஆண்டுதோறும் தீபாவளியன்று நிகழ்கின்றன. பிள்ளைகளுக்கு ஊறு நேராமலும் அயலாருக்குத் துன்பம் விளையாமலும் ஒரு விழாவை எவ்வாறு நடத்துவது என்னும் கேள்வி அந்நாடுகளின் தெருக்களுக்கும் இலுப்பூர்த் தெருக்களுக்கும் பொதுவானது.

வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவின்போது, நேர்ந்துகொண்டு மாலை அணிந்த அடியார்கள் காளி முதலிய வேடங்களைத் தாங்கி, தசராக் குழுக்களாக ஊர்களில் வலம்வந்து காணிக்கை பெற்று, அதைக் கோயில் உண்டியலில் சேர்க்கின்றனர். நவராத்திரி நாள்களில் கொலு வைத்த வீடுகளுக்குச் சிறுமியர் சென்று பாடிவிட்டுச் சுண்டலும் தாம்பூலமும் பெற்றுத் திரும்புகின்றனர். இவ்விரண்டிலும் வருபவர் எதற்காக வருகிறார் என்பதை வீட்டார் அறிவர். கொலுவுக்கோ முன்னரே அழைப்பு உண்டு. தீபாவளிப் பட்டாசு அவ்வாறு அழைப்புப் பெற்று எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. அதன் ஓசையும் புகையும் பொறியும் கேளாமலேயே புகுந்துவிடுகின்றன என்பதால், தீபாவளியில்தான் இக்கேள்வி மிகுந்த கூர்மை அடைகிறது.

ஹாலோவீன் பற்றிய ஆய்வுகள் கற்பிக்கும் பாடம் ஒன்று தமிழ்நாட்டுப் பெற்றோருக்கும் பயன்படக் கூடியது. முன்பின் தெரியாதவர்கள் இனிப்பில் நஞ்சையோ ஊசியையோ வைத்துக் கொடுத்துவிடுவார்கள் என்னும் அச்சம் அமெரிக்கப் பெற்றோரிடையே பல பதின்ஆண்டுகளாக நிலவிவருகிறது. டெலவர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதலான செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அறிமுகமற்ற ஒருவர் கண்டபடி வழங்கிய நச்சு இனிப்பால் ஒரு குழந்தை இறந்ததற்கோ பெருங்காயம் அடைந்ததற்கோ உறுதியான சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸ் மாநிலத்தில் நஞ்சிட்ட இனிப்பால் இறந்த சிறுவனைக் கொன்றவர் காப்பீட்டுப் பணத்தின் மீது ஆசைகொண்ட அவனுடைய தந்தையே என்பது நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. மறுபுறம், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழந்தை மருத்துவ இதழில் 2018 அக்டோபரில் வெளியான ஆய்வு, 1975 முதல் 2016 வரையிலான 42 ஹாலோவீன் மாலைகளை அவற்றுக்கு ஒரு வாரம் முந்திய, ஒரு வாரம் பிந்திய மாலைகளோடு ஒப்பிட்டு, ஹாலோவீன் மாலையில் நடந்துசெல்வோர் வாகனம் மோதி இறக்கும் வாய்ப்பு 43 விழுக்காடு மிகுதி என்று கண்டது. 4 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்திருந்தது. பெற்றோர் இனிப்புத் தாள்களைப் பிரித்துப் பிரித்துச் சோதித்துக்கொண்டிருந்த அதே மாலையில், பிள்ளைகளைக் கொன்றது சாலையாக இருந்தது. அச்சம் ஒரு திசையை நோக்கியது; ஆபத்து வேறொரு திசையிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டு வீடுகளிலும் இதுவே நிகழ்கிறது. அணுகுண்டு, லட்சுமி வெடி, ராக்கெட் ஆகியவற்றைப் பெரியவர்கள் தம் கைவசம் வைத்துக்கொண்டு, கம்பி மத்தாப்பையும் பாம்பு மாத்திரையையும் "சின்னப் பிள்ளைகளுக்கானவை" என்று ஒதுக்கிக் கொடுப்பது பரவலான நடைமுறை. பாம்பு மாத்திரை என்பது, பற்றவைத்தவுடன் வெடிக்காமலும் ஒளிராமலும் கரிய சாம்பலாகச் சுருண்டு நீளும் சிறு வில்லையாகும். ஓசையில்லாத அப்பொருளைத் தவழும் குழந்தையின் முன்கூட வைத்துக் கொளுத்திக் காட்டுவோர் உண்டு. புனே நகரின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்னும் நுரையீரல் ஆய்வு நிறுவனம் 2016இல் ஆறு வகைப் பட்டாசுகளை, மக்கள் வழக்கமாக நிற்கும் தொலைவில் நின்று அளந்தபோது, காற்றில் மிதக்கும் மிகநுண் துகள்களை மிகுதியாகக் கக்கியது இந்தப் பாம்பு மாத்திரையே என்று தெரியவந்தது. மிகநுண் துகள் என்பது 2.5 மைக்ரானுக்கும் குறைந்த விட்டமுடைய தூசி. மூக்கின் வடிகட்டலுக்குத் தப்பி நுரையீரலின் அடிவரை செல்லக்கூடியது. பாம்பு மாத்திரையின் உச்ச அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 64,500 மைக்ரோகிராம், ஆயிரம் வெடிகள் கோத்த சரத்திற்கு 38,540, கம்பி மத்தாப்புக்கு 10,390, புஸ்வாணத்திற்கு 4,860. இந்தியாவில் ஒரு நாள் முழுமைக்கும் ஏற்கத்தக்க சராசரியாக வகுக்கப்பட்டுள்ள அளவோ 60 மைக்ரோகிராம் மட்டுமே. மாத்திரை எரிவது சில விநாடிகள்தாம் என்பது உண்மை. ஆனால் அதன் மேல் குனிந்து பார்க்கும் குழந்தையின் முகம் அந்தச் சில விநாடிகளும் புகைக்கு நேர்மேலே இருக்கிறது.

கம்பி மத்தாப்பின் நிலையும் இத்தகையதே. அதன் எரியும் முனை 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பமுடையது. சமையலறை அலுமினியப் பாத்திரம் உருகுவதற்கு 660 டிகிரி போதும் என்பதை நினைத்தால், நான்கு வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கப்படுவது எத்தகைய பொருள் என்பது விளங்கும். பொறி அடங்கிய பின்னரும் கம்பி சுடும். சிவந்த நிறம் மறைந்துவிட்டதால் ஆறிவிட்டதென்று கருதி அதைத் தொட்டுவிடுவதும், தெருவில் எறியப்பட்ட கம்பியை வெறுங்காலோடு ஓடிவரும் வேறொரு வீட்டுப் பிள்ளை மிதித்துவிடுவதும் ஒவ்வோர் ஆண்டும் காணப்படும் காயங்கள். இரண்டாவது காயத்தில் கம்பியைக் கொளுத்திய பிள்ளை நலமாக வீட்டுக்குள் இருக்கிறது. சூடுபட்டது அடுத்த வீட்டுப் பிள்ளை. எரிந்த கம்பிகளைப் போட ஒரு வாளியில் பாதியளவு மணலோ நீரோ வாசலில் வைத்திருப்பது தன் வீட்டுப் பிள்ளையை மட்டும் காக்கும் ஏற்பாடு அன்று.

கண்காயங்களைப் பற்றி மருத்துவர்கள் ஆண்டுதோறும் கூறுவதும் இதே உண்மையைத்தான். தீபாவளியின்போது கண்ணில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருவோரில் கணிசமானவர்கள் வெடி கொளுத்தியவர்கள் அல்லர், அருகில் வேடிக்கை பார்த்து நின்றவர்களும் வழியே போனவர்களும் ஆவர். கொளுத்தியவர் திரி பற்றியதும் ஓடிவிடுகிறார். எப்போது வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெருவின் திருப்பத்தில் மிதிவண்டியில் வருபவருக்கோ திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவருக்கோ அது தெரியாது. ஆகவே, பிள்ளைகளின் பாதுகாப்பு என்பது ஒன்று, அண்டை வீட்டாருக்குக் காட்டும் மரியாதை என்பது வேறொன்று என்று பிரித்துப் பேசுவது பிழையான வழியாகும். திரியைப் பற்றவைப்பதற்கு முன் இரு புறமும் பார்த்து, "தள்ளி நில்லுங்கள்" என்று உரக்கச் சொல்லக் கற்ற பிள்ளை, தன்னையும் காத்துக்கொள்கிறது, பிறரையும் காக்கிறது.

காயம் நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை எளியவை. செய்யக் கூடாதவையே மிகுதி. சுட்ட இடத்தை உடனே ஓடும் குளிர்ந்த நீரில் ஏறத்தாழ இருபது நிமிடங்கள் காட்டிக்கொண்டிருப்பதே முதல் உதவி. பனிக்கட்டி வைப்பது தோலை மேலும் சிதைக்கும். பேனா மை, பற்பசை, தோசை மாவு, மஞ்சள்தூள், காப்பித்தூள் என்று வீட்டுக்கு வீடு வேறுபடும் பூச்சுகள் வெப்பத்தை உள்ளேயே தங்கவைப்பதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் கண்டறிவதையும் கடினமாக்குகின்றன. நைலான், பாலியெஸ்டர் துணிகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்கக் கூடாது. புத்தாடை உடுத்திக்கொண்டே வெடிக்க வேண்டும் என்னும் விருப்பம் இயல்பானது என்றாலும், வெடிக்கும் பொழுதுக்குப் பருத்தி ஆடையை உடுத்திவிட்டு, பட்டுப் பாவாடையையும் பளபளக்கும் சட்டையையும் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் வைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. கண்ணைப் பொறுத்தவரை, மருந்துத்தூள் மட்டும் விழுந்திருந்தால் தூய நீரால் நன்கு கழுவலாம். ஆனால் அடிபட்டாலோ கிழிந்தாலோ இரத்தம் கசிந்தாலோ, கண்ணைக் கழுவவும் கசக்கவும் அழுத்தவும் கூடாது. கண்ணில் படாமல் ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து மூடி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 108 என்னும் அவசர ஊர்தி எண்ணையும் 101 என்னும் தீயணைப்பு எண்ணையும் பிள்ளைகளும் மனப்பாடமாக அறிந்திருப்பது நல்லது.

ஓசையைப் பற்றிய சட்டம் பலருக்கும் அரைகுறையாகவே தெரிந்திருக்கிறது. 1999 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்பும் பட்டாசுகளைத் தயாரிக்கவும் விற்கவும் வெடிக்கவும் தடை உண்டு. டெசிபல் என்பது ஒலியின் வலிமையைக் குறிக்கும் அலகு. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் அளவில் இருக்கும். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 4 மீட்டரில் 125 ஆக இருப்பது 8 மீட்டரில் 119 ஆகும். ஆனால் இந்தக் கணக்கு திறந்தவெளிக்கானது. இருபுறமும் சிமென்ட் சுவர்கள் நெருங்கி நிற்கும் ஒரு குறுந்தெருவில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. குறைய வேண்டிய அளவுக்குக் குறைவதில்லை. பழைய ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாக மாறிவரும் சிற்றூர்களில், முப்பது ஆண்டுகளுக்கு முன் வெடித்த அதே வெடி இன்று கூடுதலாக அதிர்கிறது என்று முதியவர்கள் கூறினால், அது மூப்பின் புலம்பல் அன்று; ஒலியியலுக்கு ஒத்த கூற்றேயாகும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடி வெடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 2015இல், தில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் அவர்களுடைய தந்தையர் ஒரு மனுவைத் தாக்கல் செய்தனர். தூய காற்றைச் சுவாசிக்கும் உரிமை, பேசத் தெரியாத அக்குழந்தைகளுக்கும் உண்டு என்பதே அம்மனுவின் சாரம். அவ்வழக்கில் 2018 அக்டோபர் 23ஆம் நாள் வழங்கப்பட்ட ஆணை, சரவெடிகளையும் பேரியம் உப்புகள் கலந்த பட்டாசுகளையும் தடைசெய்து, புகையும் ஒலியும் குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்ததுடன், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்தையும் வரையறுத்தது. பேரியம் என்பது பட்டாசுக்குப் பச்சை நிறம் தரும் உலோகம்; பசுமைப் பட்டாசு என்பது, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் கலவை முறைப்படி, துகள் வெளியேற்றத்தை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்துச் செய்யப்படுவது.

இந்த இரவு நேரம் வடஇந்தியாவுக்குப் பொருந்தியதேயன்றித் தமிழர் வழக்கத்துக்குப் பொருந்தவில்லை. தமிழர் தீபாவளி விடியலின் விழா. எண்ணெய் தேய்த்து நீராடி, புத்தாடை அணிந்து, பொழுது புலர்வதற்கு முன்னரே முதல் வெடியைக் கொளுத்துவது மரபு. தமிழ்நாடு அரசு கூடுதல் நேரம் கேட்டபோது, மொத்த நேரத்தை உயர்த்த மறுத்த நீதிமன்றம், எந்த இரண்டு மணி நேரம் என்பதை மாநிலமே தேர்ந்துகொள்ளலாம் என்று 2018 அக்டோபர் 30ஆம் நாள் ஆணையைத் திருத்தியது. அதன்படியே காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் தொலைவு அமைதி மண்டலமாகும்; இலுப்பூர் அரசு மருத்துவமனையில் அன்று படுத்திருக்கும் நோயாளிக்கு இந்த 100 மீட்டர்தான் தீபாவளிப் பரிசு.

நேரக் கட்டுப்பாட்டை மரபின் மீதான தாக்குதலாகக் காண்போர் உண்டு. அவர்களுடைய மனக்குறையில் ஒரு நியாயம் உள்ளது: நான்கு மணிக்கு எழுந்து நீராடிய பிள்ளையை ஆறு மணி வரை காத்திருக்கச் சொல்வது எளிதன்று. எனினும், அந்த இரண்டு மணி நேரம் அண்டை வீட்டாருக்கு அளிப்பது ஒரு பெரும் வசதி. எப்போது வெடி வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், கைக்குழந்தை உள்ள வீட்டார் உள்ளறையின் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மூச்சிரைப்பு நோயுள்ளவர் மருந்தை உறிஞ்சிவிட்டுச் சன்னலை மூடிக்கொள்ளலாம். மாட்டைத் தெருவோரத்திலிருந்து கொல்லைக்கு மாற்றிக் கட்டலாம். எதிர்பாராத நேரத்தில் வெடிக்கும் ஒரே ஒரு வெடி, எதிர்பார்த்த ஒரு மணி நேரத்து ஓசையைவிட மிகுதியாக உலுக்கிவிடும். இக்கட்டுப்பாட்டின் உண்மையான பயன் இந்த முன்னறிவிப்பில்தான் இருக்கிறது.

மாட்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் ஜல்லிக்கட்டு மிகுதியாக நடைபெறும் மாவட்டம். 2019 ஜனவரியில் இலுப்பூருக்கு அருகிலுள்ள விராலிமலையில் நடந்த ஜல்லிக்கட்டில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு அது உலக சாதனையாகப் பதிவாயிற்று. இப்பகுதியில் வீட்டுப் பிள்ளையைப் போலவே வளர்க்கப்படும் காளைகள் பல, தீபாவளியன்று வாசலிலோ கொட்டிலிலோ கயிற்றில் கட்டப்பட்டே நிற்கின்றன. ஓடித் தப்ப முடியாத விலங்குக்கு வெடியோசை இரட்டைத் துன்பம். அது கயிற்றை இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும், சில வேளைகளில் முளையைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளைகள் நிற்கும் தெருவுக்குள்ளேயே பாயும். கொட்டிலையடுத்து வைக்கோல் போர் இருந்தால் ராக்கெட்டின் ஒரு பொறி போதும். ராக்கெட் செல்லும் திசையைக் கொளுத்துபவர் முடிவு செய்வதில்லை; காற்றும் புட்டியின் சாய்வும் முடிவு செய்கின்றன. கூரை வீடோ வைக்கோல் போரோ கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள தெருவில் ராக்கெட் விடவே கூடாது என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. விராலிமலையைச் சுற்றிய குன்றுகளிலும் புதர்களிலும் வாழும் மயில்களும் இந்த அண்டை அயலாரின் கணக்கில் சேர வேண்டியவையே.

பறவைகளை அண்டை வீட்டாராகவே நடத்திய ஊர்கள் இலுப்பூருக்குத் தெற்கே, சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகில் உள்ளன. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்களுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கொக்கு வகைகள் எனப் பலவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க வருகின்றன. 1977இல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்கண்மாய்களின் மொத்தப் பரப்பு 38.4 எக்டேர்தான், ஊரும் கண்மாயும் ஒட்டியே கிடக்கின்றன. வெடியோசை கேட்டால் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழும்பிவிடும், முட்டையும் குஞ்சும் காப்பின்றிப் போகும் என்பதால், ஊர்மக்கள் பல பதின்ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட வெடிப்பதில்லை. வனத்துறை ஆண்டுதோறும் அவ்வூரார்க்கு இனிப்பு வழங்கி நன்றி தெரிவிக்கிறது. அங்கே பிள்ளைகள் தீபாவளியை இழந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் பலகாரமும் அப்படியே இருக்கின்றன, விருந்தாளிகளின் பட்டியல் மட்டும் நீண்டிருக்கிறது. எந்த நீதிமன்ற ஆணைக்கும் முன்பே ஓர் ஊர் தானாகக் கூடி எடுத்த முடிவு அது என்பது அதன் தனிச்சிறப்பு. ஒவ்வோர் ஊரும் பட்டாசை முற்றாகத் துறக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஆனால் யாருக்காக எதை விட்டுக்கொடுப்பது என்பதை ஓர் ஊர் தன் தெருவிலேயே பேசி முடிவு செய்ய இயலும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

பலகாரத் தட்டின் ஒழுங்குகள் இவ்விழாவின் மென்மையான பகுதி. அதிரசம், முறுக்கு, மைசூர்பாகு, லேகியம் ஆகியவற்றை ஒரு தட்டில் அடுக்கித் துணியால் மூடி அண்டை வீடுகளுக்குப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். பெற்றுக்கொண்டவர் தட்டை வெறுமையாகத் திருப்பித் தராமல் சிறிது சர்க்கரையையோ பழத்தையோ வைத்துக் கொடுப்பதும் வழக்கம். இந்துக்களும் இஸ்லாமியரும் கிறித்தவரும் அடுத்தடுத்து வாழும் சிற்றூர்களில் இத்தட்டு வேலி பார்ப்பதில்லை. ரம்சானன்றும் கிறிஸ்துமசன்றும் அதே தட்டு எதிர்த்திசையில் நடக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சிலவே. வாசலில் நின்று "அத்தை", "சித்தப்பா", "பாட்டி" என்று முறைசொல்லி அழைத்து, உள்ளிருந்து குரல் வந்த பின்னரே படியேற வேண்டும். ஒரு கையில் தட்டும் மறுகையில் எரியும் மத்தாப்புமாகச் செல்லக் கூடாது. புதுக்கோட்டை, விராலிமலை, மணப்பாறைத் திசைகளில் செல்லும் பேருந்துச் சாலைகளைச் சிறு பிள்ளைகள் பெரியவர் துணையின்றிக் கடக்கக் கூடாது. தீபாவளி அமாவாசையை ஒட்டியே வருவதால் அன்றைய இரவு நிலவொளி இல்லாதது, அதோடு புகையும் சேரும்போது வண்டியோட்டிக்குக் கருநிற ஆடை அணிந்த பிள்ளை தெரிவதே இல்லை. நடுச்சாலையில் வெடியை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் இளைஞர்கள், இரு சக்கர வண்டியில் குழந்தையோடு வருபவர் அந்த நொடியில் என்ன செய்ய முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

துக்க வீட்டைப் பற்றிய மரபு இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்த வீட்டில் அந்த ஆண்டு தீபாவளி இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலகாரம் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதால் உற்றாரும் அண்டை வீட்டாரும் கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். வாங்கிக்கொண்டவர் பதிலுக்குத் தருவதில்லை, கொடுத்தவர் எதிர்பார்ப்பதும் இல்லை. அத்தகைய வீட்டின் வாசலுக்கு நேரே வெடி கொளுத்தாமல் நாலு வீடு தள்ளிப் போவது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் பிள்ளைகளின் காதில் சொன்னால் போதும், அவர்கள் உடனே புரிந்துகொள்கின்றனர். ஹாலோவீன் நாளில் வாசல் விளக்கை அணைத்து வைத்திருக்கும் வீட்டைப் பிள்ளைகள் தட்டாமல் கடந்துவிடுவது அங்குள்ள மரியாதை. தமிழ்த் தெருவில் அதற்கு விளக்குக்கூடத் தேவையில்லை. யார் வீட்டில் என்ன நேர்ந்தது என்பது ஊருக்கே தெரியும். தெரிந்திருந்தும் கவனியாமல் விடுவதுதான் குற்றம்.

குறுந்தெருக்களில் வெடிப்பதற்கு மாற்றாக, உள்ளாட்சி அமைப்பின் அனுமதியுடன் ஒரு திடலில் கூடி வெடிக்குமாறு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. பெருநகரங்களில் திடலுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். இலுப்பூர் போன்ற ஒரு பேரூராட்சியில் இடத்துக்குக் குறைவில்லை, கூடிப் பேசுவதற்கான முனைப்பே தேவைப்படுகிறது. ஒரு தெருவார் தம் ராக்கெட்டுகளையும் பெருவெடிகளையும் திடலுக்கு எடுத்துச் சென்றுவிட்டு, புஸ்வாணத்தையும் தரைச்சக்கரத்தையும் மட்டும் வாசலில் வைத்துக்கொண்டாலே பெரும்பகுதி இன்னல் தீர்ந்துவிடும். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், பொறுப்பான பெரியவர் இருவர் இருந்தால் அந்தத் திடல் தெருவைவிடப் பாதுகாப்பானது.

இலுப்பூரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வாழும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள் எஞ்சியிருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் காலையில், காகிதக் குப்பைக்குள் கிடக்கும் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, அவற்றின் மருந்தை ஒரு தாளில் கொட்டிக் கொளுத்தி விளையாடுவது சிறுவர்களின் வழக்கம். குப்பென்று பற்றும் அந்த மருந்து முகத்தையும் கையையும் கருக்கிவிடுகிறது. அன்று பிள்ளைகள் எழுவதற்கு முன் பெரியவர் ஒருவர் வாசலையும் இருபுறத்து வீடுகளின் முன்புறத்தையும் பார்த்து, வெடிக்காதவற்றை ஒரு வாளி நீரில் ஊறப்போட்டு, பிற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.